செபமாலை நேரத்தில் தூங்கிப்போகும் பிள்ளை

யாழ்ப்பாணத்தில் வாழும் ஓர் இளம் தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகனும் நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் குடும்பமாகப் பூசைக்குப் போகிறார்கள். மகன் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறான். அடுத்த ஆண்டு முதல்நன்மை எடுக்க, அதாவது நற்கருணையை முதன்முறையாகப் பெற, இருக்கிறான். மாலையில் மாமியார் செபமாலையைத் தொடங்கினால், மகள் இரண்டாவது தேவ இரகசியம் (செபமாலையின் ஒரு பகுதி) முடிவதற்குள் பாயில் சுருண்டு தூங்கிவிடுகிறாள். மகனோ "அலுப்பாக இருக்கிறது" என்று வாய்விட்டே சொல்லி அப்பம்மாவிடம் ஏச்சு வாங்குகிறான். கணவர் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டால் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறார். "பிள்ளைகளின் விசுவாசத்தை வீட்டில் வளர்ப்பதற்கு எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி. ஒரு தாயாகத் தான் தோற்றுக்கொண்டிருப்பதாக அஞ்சுவதையும் அவர் மறைக்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறையாசிரியராக இருந்தவள், மூன்று பிள்ளைகளை வளர்த்து இப்போது பேரப்பிள்ளைகளோடு வாழ்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்த அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகள் தூங்கட்டும். விளக்கை ஏற்றிவைத்து, தனக்கு வேண்டியவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் இருந்து, ஒரே சொற்களைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தைக்கு உறக்கம் வருகிறதென்றால், அந்த ஓசை அவளுக்குப் பாதுகாப்பான ஓசையாகிவிட்டது என்று பொருள். "அருள் நிறைந்த மரியே" என்பதன் பொருளை அவள் பத்து வயதில் கற்றுக்கொள்ளலாம். அது தன் வீட்டின் ஓசை, அதைக் கேட்டால் பயம் போய்விடும் என்பதை நான்கு வயதில்தான் கற்க முடியும். பிறகு கற்பது மிகவும் கடினம். நானும் அப்படித்தான் அப்பம்மாவின் மடியில் தூங்கிப்போனவள். அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. மணிகள் அவருடைய விரல்களுக்கிடையே நகர்ந்த மெல்லிய சத்தம் மட்டும் இன்றும் காதில் இருக்கிறது.

இனி நேரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். விவிலியத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடவுளுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் அந்த வசனம், அதை எப்போது செய்வது என்பதற்கு நான்கு வேளைகளைக் குறிக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இந்த நான்கையும் எந்த வீட்டிலும் எல்லாரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். பகலில் இன்னொரு அரைமணி நேரத்தைக் கண்டுபிடித்து அதைக் கடவுளுக்கென்று ஒதுக்கும்படி அந்த வசனம் கேட்கவில்லை. இருக்கின்ற நாளைத்தான் கேட்கிறது. ரியூசனுக்கும் பாடசாலைக்கும் வீட்டுவேலைக்கும் இடையில் திணறும் ஒரு தாய்க்கு இது பெரிய ஆறுதலாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது போல நேரசூசி போட்டு விசுவாசத்தையும் தயார்ப்படுத்த முற்பட்டால், பிள்ளை அதையும் இன்னொரு பாடமாகவே எடுத்துக்கொள்ளும். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும்.

ஆகவே உங்கள் வீட்டில் இருப்பதிலிருந்தே தொடங்குங்கள். காலையில் பிள்ளையை எழுப்பும்போது நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை அடையாளம் போதும். அதற்குச் சில விநாடிகள்கூட ஆகாது. கிணற்றடியில் முகம் கழுவிவிடும்போது, இந்தத் தண்ணீரைத் தந்தவருக்கு நன்றி என்று ஒரு சொல் சொல்லலாம். கோடையில் கிணறு வற்றிப்போவதையும் உவர் ஏறுவதையும் கண்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது வெறும் சொல்லாக இராது. சாப்பாட்டு வேளையை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் உணவுச் செபம் ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடுகிறது. அதைச் சொன்ன பின்னர், தட்டில் இருக்கும் உணவு யாருடைய கையால் வந்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். மீன் குருநகரிலிருந்தோ பாசையூரிலிருந்தோ இரவில் கடலுக்குப் போனவர்கள் கொண்டுவந்தது. வெங்காயமும் கத்தரிக்காயும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று இறைத்த தோட்டத்திலிருந்து வந்தவை. புட்டை அவித்தவர் அம்மா. அந்த ஒருவருக்காகப் பிள்ளை தன் சொந்தச் சொல்லில் ஒரு வரி செபம் சொல்லட்டும். என் பேரன் ஒருநாள், "இயேசுவே, மீன் பிடிக்கிற மாமாவுக்குக் குளிராமல் பார்த்துக்கொள்ளும்" என்றான். கடவுளுக்கு நன்றி சொல்வதும் மற்றவரை நினைப்பதும் ஒன்றே என்பதை அதைவிடத் தெளிவாக என்னால் எந்த வகுப்பிலும் விளக்கியிருக்க முடியாது.

வீட்டிலே விசுவாசம் வளர்வது என்பது நம் மண்ணுக்குப் புதிய கருத்து அல்ல. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் 1687 இல் இங்கே வந்துசேரும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்களோடு தங்கியிருந்து பூசை வைக்க ஒரு குரு இல்லை. வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, வீடு வீடாகச் சென்று, அந்த மாலையைக் காண்பவர்களின் முகத்தில் என்ன மாற்றம் தெரிகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பின்னர் யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரைத் தம் பணிக்கு நிலைக்களமாக்கிக்கொண்டார். 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நான் வேறொரு கூட்டத்தாரைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு இல்லை, முதல்நன்மை இல்லை, வெளிப்படையான திருவிழா இல்லை. ஆயினும் பிச்சைக்காரர் ஒருவரின் கழுத்தில் கிடந்த மணிகளைக் கண்டதும் அவர்களுடைய முகம் மாறியது என்றால், குசினியிலும் திண்ணையிலும் யாரோ ஒரு தாயும் பாட்டியும் அவர்களுக்கு எதையோ கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. 1983 இன் திருச்சபைச் சட்டத்தொகுப்போ, சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் உருவாக்கும் கடமை வேறெவருக்கும் முன்னர் பெற்றோருக்கே உரியது என்கிறது. நம் முன்னோர் அந்தச் சொற்களைக் கேளாமலே அதைச் செய்து முடித்திருந்தார்கள்.

இப்போது நான் மிகவும் வருந்திக் கற்றுக்கொண்ட ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கடவுளின் பெயர் அதிகமாக உச்சரிக்கப்படுவது செபத்திலா, அல்லது மிரட்டலிலா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். "சாமி கண்ணைக் குத்துவார்" என்பது மதம் பாராமல் நம் தாய்மார் எல்லாருடைய வாயிலும் இருக்கும் சொல். நானும் சொன்னேன். என் இரண்டாவது மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, குசினியில் பானைக்குள் வைத்திருந்த பனங்கட்டியை எடுத்துத் தின்றுவிட்டு, கேட்டபோது இல்லை என்றான். "இயேசு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பொய் சொன்னால் கண்ணைக் குத்துவார்" என்றேன். அன்று மாலை அவன் செபத்துக்கு வரவில்லை. மறுநாளும் முன்னறைக்கு வர மறுத்தான். அங்கே சுவரில் திரு இருதயப் படம் இருந்தது. அதன் கண்கள் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பது போலத் தோன்றும். அவன் சுவரோடு ஒட்டி, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த அறையைக் கடந்தான். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்று சொன்ன ஒருவரிடமிருந்து என் பிள்ளை ஒளிந்து நடந்தான். அவனை ஒளிய வைத்தவள் நான்.

சிறு பிள்ளைக்கு உருவகம் எது, உள்ளபடியே சொன்னது எது என்று பிரித்தறிவது கடினம். கண்ணைக் குத்துவார் என்றால் குத்துவார் என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி மனத்தில் ஊன்றும் அச்சம், பின்னர் எவ்வளவு நல்ல மறைக்கல்வி கிடைத்தாலும் அடியில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும். அச்சத்தால் அடங்கிய பிள்ளை, அச்சம் விட்டுப்போகும் வயதில் கடவுளையும் சேர்த்தே விட்டுவிடுவதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். ஆகவே பிள்ளையைத் திருத்த வேண்டிய இடத்தில் நீங்களே திருத்துங்கள். "பொய் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள்; கடவுளை உங்கள் வீட்டுக் காவற்காரர் ஆக்காதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உண்மையை, இருட்டில் கிணற்றடிக்குப் போகும்போதும் காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் சொல்லுங்கள். வசனம் ஒன்றே. அதைப் பிள்ளை எந்த வேளையில் கேட்கிறது என்பதைப் பொறுத்து அது மருந்தாகும், அல்லது நஞ்சாகும்.

மூன்றாம் நாள் நான் மகனைத் தூக்கிக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் போய், "நான் உன்னைப் பயப்படுத்தியது பிழை, இயேசு அப்படிச் செய்கிறவர் அல்லர், அம்மாவை மன்னித்துக்கொள்" என்று அவனிடம் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம்மவர்களிடையே ஓர் எண்ணம் உண்டு. எனக்கு நேர்ந்தது வேறு. அடுத்த வாரம் அவன் தானாகவே வந்து பனங்கட்டியைப் பற்றிச் சொன்னான். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, முதற் பாடம் எது என்று மறையாசிரியர்கள் என்னைக் கேட்கும்போதெல்லாம், பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதே முதற் பாடம் என்று சொல்லிவருகிறேன். தன்னைவிடப் பெரியவர் ஒருவர் பிழையை ஒப்புக்கொண்ட பின்னும் அன்பு குறையாமல் இருந்ததைக் கண்ட பிள்ளைக்கு, பாவசங்கீர்த்தனத் தொட்டி ஓர் அச்சமூட்டும் பெட்டியாகத் தோன்றாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், குடும்பத்தில் மூன்று சொற்கள் புழங்க வேண்டும் என்றார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. முதலிரண்டும் நம் வீடுகளில் ஓரளவு உண்டு. மூன்றாவதைப் பிள்ளைகளிடமிருந்து மட்டுமே எதிர்பார்க்கிறோம்.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதும்போது உங்களுக்குள் இருந்த தயக்கம் எனக்குப் புரிகிறது. அவரை எதிர்க்க வேண்டாம். அவர் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த செல்வம். பவுல் திமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடமும் உன் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பாட்டியின் பெயரையே முதலில் சொல்கிறார். சாமுவேலின் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரவில் கடவுள் கூப்பிடுகிறார். சிறுவன் எழுந்து, கண்பார்வை மங்கிய முதியவர் ஏலியிடம் ஓடுகிறான். மூன்று முறையும் ஓடுகிறான். ஏனென்றால் கடவுளின் குரல் அவனுக்குத் தன்னை வளர்த்தவரின் குரலைப் போலவே கேட்டது. உங்கள் பிள்ளைகளுக்கும் கடவுளின் குரல் நெடுங்காலத்துக்கு உங்களுடைய குரலாகவும் அப்பம்மாவினுடைய குரலாகவுமே கேட்கும். அதனால்தான் அந்தக் குரல் ஏச்சாக இருக்கக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. மாமியாரிடம் மரியாதையாக, "மாமி, பிள்ளைகளோடு முதலில் ஒரு தேவ இரகசியம் மட்டும் சொல்லுவோம், பிறகு நீங்களும் நானும் மிச்சத்தைச் சொல்லுவோம்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒன்றில் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். மகன் மெழுகுதிரியை ஏற்றட்டும். மகள் மாதா சொரூபத்துக்கு முன்னால் முற்றத்துச் செவ்வரத்தம் பூவையோ நந்தியாவட்டையையோ வைக்கட்டும். யாருக்காகச் சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகளே தெரிவுசெய்யட்டும். வகுப்பில் கை முறிந்த நண்பன், கனடாவில் இருக்கும் சித்தி, குட்டி போட்ட ஆடு, எதுவும் ஆகலாம். அது முடிந்ததும் விளையாடப் போக விருப்பமானவர் போகலாம் என்று விட்டுவிடுங்கள். போன பிள்ளை, பெரியவர்கள் தொடர்ந்து செபிப்பதைக் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டுதான் விளையாடும். தன்னை இருத்தி வைப்பதற்காகச் சொல்லப்படாத செபம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்பதை அப்போதுதான் அது முதன்முறையாக உணரும்.

மகனுடைய அலுப்பை நான் மதிக்கிறேன். ஏழு வயதுச் சிறுவன் பூசையில் முன்வரிசைக்காரர்களின் முதுகை மட்டுமே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அலுக்காமல் என்ன செய்யும்? பீடம் தெரியும் இடத்தில் அவனை நிறுத்துங்கள். சனிக்கிழமை இரவு, மறுநாள் வாசிக்கப்படும் நற்செய்தியைக் கதையாகச் சொல்லிவிடுங்கள்; மறுநாள் கோயிலில் அதை வாசிக்கக் கேட்டதும், "இது எனக்குத் தெரியும்" என்று உங்கள் பக்கம் திரும்புவான். கதை சொல்லும்போது நம் ஊரைக் கதைக்குள் விடத் தயங்காதீர்கள். காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடும் பெண் விளக்கை ஏற்றி, தும்புத்தடியால் கட்டிலுக்குக் கீழே பெருக்குகிறாள். கலிலேயாக் கடலில் காற்றடிக்கும்போது, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போன படகு ஒருநாள் ஆடியதே, அதைப் பிள்ளை நினைத்துக்கொள்ளட்டும். கதை முடிந்ததும், "ஆகவே நீயும்" என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். இயேசுவே பல உவமைகளை விளக்காமல் விட்டுச் சென்றார். பிள்ளை அதை உள்ளே வைத்து, மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது ஒரு கேள்வியாகத் திருப்பித் தரும்; அந்தக் கேள்விதான் கற்பிப்பதற்குரிய வேளை. விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் பாஸ்காவைக் கொண்டாடச் சொன்ன இடத்திலும், இதன் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது. கேள்வி வரும்படி வாழ்வது முதலில் வருகிறது.

புத்தகம் வேண்டுமென்றால் விவிலியத்தையே வாங்குங்கள், படம் போட்ட சிறுவர் விவிலியம் ஒன்றும் இருந்தால் நல்லது. அதற்கு மேல் எதுவும் அவசரம் இல்லை. என் அம்மா வழியினர் கத்தோலிக்கர் அல்லர், தென்னிந்தியத் திருச்சபையினர். அம்மம்மா உடுவிலில் படித்தவர். அமெரிக்க மிசனரிமார் 1824 இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியதன் பயனை நான் எங்கள் வீட்டு விறாந்தையில் கண்டேன்: எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், பேரப்பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, நாளுக்கு ஒரு சங்கீதத்தை உரத்து வாசித்தார். அப்பா வழியில் செபமாலை, அம்மா வழியில் சங்கீதம். ஒரு வீட்டில் ஆண்டவர், மற்ற வீட்டில் கர்த்தர். பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது குழப்பமாகவே இல்லை. இரண்டு பாட்டிமாருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள் என்று விளங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவப் பிள்ளை வளர்வது பெரும்பாலும் சைவ அயலவர் நடுவில்தான். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும், "நாங்கள் ஏன் திருநீறு பூசுவதில்லை?" என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். அந்தக் கேள்விக்கு அயலவரின் வழிபாட்டைத் தாழ்த்தி ஒரு சொல்கூடப் பதிலாக வரக்கூடாது. "அவர்கள் அப்படிக் கும்பிடுகிறார்கள், நாங்கள் இயேசுவின் வழியில் கும்பிடுகிறோம், அவர் எல்லாரையும் நேசிக்கிறார்" என்பது நான்கு வயதுக்குப் போதும். பக்கத்து வீட்டிலிருந்து வரும் பொங்கலை நன்றியோடு வாங்கி உண்பதும், நத்தாருக்கு நம் வீட்டுக் கேக்கையும் பலகாரத்தையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புவதும் அந்தப் பதிலின் மறுபாதி. பிறரை இகழ்ந்து தன் விசுவாசத்தை உயர்த்திக்கொள்ளப் பழகிய பிள்ளையிடம் வளர்வது பெருமை மட்டுமே.

திருவழிபாட்டு ஆண்டு தானாகவே உங்களுக்குக் கைகொடுக்கும். மார்கழியில் பாலன் குடில் கட்டும்போது தொழுவத்தை வெறுமையாக விட்டு, பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு நல்ல செயலுக்கும் ஒரு வைக்கோலை வைக்கச் சொல்லுங்கள். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவரும் ஓலையில் சிலுவை பின்னிக் கதவுக்கு மேலே செருகுங்கள். அடுத்த ஆண்டுத் திருநீற்றுப் புதனுக்கு அத்தகைய ஓலைகளே சாம்பலாகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுல பிரசங்கத்தைப் பெரியவர்கள் இழுத்துப் பாடும் இடத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். சொல் விளங்காவிட்டாலும், யாரோ ஒருவருக்காக ஊரே அழுகிறது என்பது விளங்கும்.

அழுகை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெற்றோர் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்தை விட்டுச் சனங்களோடு சனங்களாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, என் மூத்த மகளுக்கு ஆறு வயது. "அம்மா, இயேசு எங்கே?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. "எனக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் எங்களோடு நடக்கிறார் என்று நம்புகிறேன், சேர்ந்து கேட்போம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த செபங்களை எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பிள்ளைகள் மரணத்தைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் கேட்கும்போது பூசி மெழுக வேண்டாம். "கடவுள் அம்மம்மாவை எடுத்துக்கொண்டார்" என்று சொன்னால், அடுத்து யாரை எடுப்பார் என்று பிள்ளை பயப்படும். அம்மம்மா இறந்துவிட்டார், நாங்கள் அழுகிறோம், இயேசுவும் தம் நண்பன் லாசரு இறந்தபோது அழுதார், அவர் அம்மம்மாவைக் கைவிடமாட்டார் என்று நம்புகிறோம் என்று சொல்லுங்கள். அவரை அடக்கம்செய்த சேமக்காலைக்குக் கூட்டிப்போய் ஒரு மெழுகுதிரியை ஏற்ற விடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன தாயின் செபத்தைப் பிள்ளை சந்தேகிப்பதில்லை. என் மகள் அந்த நடையைப் பற்றி இன்றும் என்னோடு பேசுவாள், தன் பிள்ளைகளுக்கும் சொல்வாள்.

கடைசியாக, உங்கள் கணவர். அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், அதிலும் அவரைக் குறைசொல்லவில்லை. உழைத்துக் களைத்து வருகிறார் என்றே எழுதியிருந்தீர்கள். ஆனாலும் செபம் என்பது பெண்களின் வேலை என்று உங்கள் மகன் ஏழு வயதிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கும்படி பவுல் சொல்வது தந்தையரைப் பார்த்துத்தான். அவரிடம் நீண்ட செபத்தையோ போதனையையோ கேட்க வேண்டாம். காலையில் வேலைக்குப் புறப்படும் முன், சாவியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்த கையோடு, சிலுவைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கட்டும். மகன் விழித்திருந்தால் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் அவரே செபம் சொல்லட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. வார நாட்களில் அவர் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். கைகால் கழுவி, சாப்பிட உட்காருவதற்கு முன் அவர் பாயருகே குனிந்து, இருவரின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் இட்டு, அவர்களுடைய பெயரைச் சொல்லி ஆசீர்வதிக்கட்டும். தூங்குகிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டால், என் அப்பாவும் அப்படித்தான் செய்தார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் பல இரவுகளில் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன்.